பக்கத்துத் தெரு ஆலோசகரா, பெயர்பெற்ற நிபுணரா, திரையா?

சில வருடங்களுக்கு முன் மூன்று மாதம் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு தட்டும். அப்புறம் நெஞ்சு படபடக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கடைசியில் யாரையாவது பார்த்துவிடலாம் என்று ஒரு தாளில் நான்கு வழிகளை எழுதினேன். பெரிய மருத்துவமனையில் ஒரு மனநல மருத்துவர். இரண்டு மணி நேரப் பயணத்தில், எல்லாரும் பெயர் சொல்லும் ஒரு தெரபிஸ்ட். நடந்து போகிற தூரத்தில் சின்ன அறை வைத்திருந்த ஓர் ஆலோசகர். நான்காவது, வீடியோ அழைப்பில் பேசும் இணையச் சேவை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று புரியாமல், பெயருக்குப் பின்னால் யாருக்கு எத்தனை பட்டம் என்று எண்ணினேன். சத்தியமாக அதுதான் என் அளவுகோல்.

பட்டம் அதிகம் வைத்திருந்தவர் இரண்டு மணி நேரத் தொலைவுக்காரர். நான்கு முறை போனேன். கூர்மையான மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவது முறை மழை. ஆறாவது முறை விடுப்பு கிடைக்கவில்லை. ஏழாவது முறை அவர்கள் அழைத்தபோது நான் போனையே எடுக்கவில்லை. பிறகு வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று தெரிய வந்தது. அதற்கு மருந்து எடுத்ததும் படபடப்பும் விழிப்பும் பாதி அடங்கின. மீதிப் பாதி நிஜமாகவே மனசு சம்பந்தப்பட்டது. அதற்கு நடை தூரத்து ஆலோசகரிடம் பதினான்கு வாரம் போனேன்.

அந்தத் தாளை இன்று எழுதினால் வரிசை வேறு. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் குடும்ப மருத்துவர், அடுத்து, விடாமல் போய்வரக்கூடிய தூரத்தில் முறையாகப் படித்த ஒருவர், சில குறிப்பிட்ட சிக்கல்களுக்கு மட்டும் தேடிப்போய்ப் பார்க்க வேண்டிய நிபுணர்.

இந்த ஒப்பீடெல்லாம் அவகாசம் இருப்பவர்களுக்குத்தான். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் திட்டமாக மாறிக்கொண்டிருந்தாலோ, வீட்டில் ஒருவர் நாள்கணக்கில் தூங்காமல், யாருக்கும் கேட்காத குரல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாலோ, எதையும் அலசிக்கொண்டு உட்காராதீர்கள். அருகில் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது நீங்கள் இருக்கும் நாட்டின் நெருக்கடி உதவி எண்ணை அழையுங்கள். அதுவரை அவரைத் தனியாக விடாமல் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

தாளில் இல்லாமல் போனவர்

குடும்ப மருத்துவரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. காய்ச்சலுக்கும் சளிக்கும் போகிற இடம் என்று நினைத்திருந்தேன். உடம்பின் சில கோளாறுகள் மனநோய் போலவே வேடம் போடும். தைராய்டு கூடினால் படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை. குறைந்தால் சோர்வு, மந்தம், எதிலும் பிடிப்பில்லாமை. ரத்தசோகையும் வைட்டமின் பி12 குறைபாடும் ஆளை அப்படியே உட்கார வைத்துவிடும். ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் மனநிலையைப் புரட்டிப் போடலாம். குறட்டையோடு மூச்சு தடைபட்டுத் தடைபட்டுத் தூங்குபவர், பகலில் யாரிடமும் பேசப் பிடிக்காதவராக இருப்பார். எவ்வளவு திறமையான ஆலோசகராக இருந்தாலும் இவற்றைப் பேசியே கண்டுபிடிக்க முடியாது.

குடும்ப மருத்துவரிடம் உள்ள குறை நேரம். வெளியே கூட்டம் காத்திருக்கும். பத்து நிமிடத்தில் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. சிலர் தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்த வகை மாத்திரைகள் பலவும் சில வாரங்களில் உடம்புக்குப் பழகிப் போகக்கூடியவை. நாள்பட எடுத்தால் நிறுத்துவது தனிப் போராட்டம். அதனால் அவரிடம் முழுத் தீர்வையும் எதிர்பார்க்காதீர்கள். இரண்டே கேள்வி கேட்டால் போதும்: "இதற்கு உடம்பில் ஏதாவது காரணம் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?" "யாரைப் பார்க்கச் சொல்வீர்கள்?" அந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கிற பெயர், இணையத்தில் நாள் முழுக்கத் தேடிக் கிடைக்கிற பெயரைவிடப் பெரும்பாலும் நல்லது. ஏனென்றால் அவர் அனுப்பிய நோயாளிகள் திரும்ப அவரிடமே வந்து, எப்படி இருந்தது என்று சொல்லியிருப்பார்கள்.

மருந்து எழுதுபவரா, பேசுபவரா

பெயர்ப் பலகைகள் குழப்பும். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, அதன்மேல் மனநோய்களில் சிறப்புப் படிப்பு முடித்தவர். நோய் இன்னதென்று சொல்லலாம், மருந்து எழுதலாம், தேவைப்பட்டால் மருத்துவமனையில் சேர்க்கலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் வழியில் வந்தவர். சோதனைகள் செய்வார், உளச்சிகிச்சை தருவார், பொதுவாக மருந்து எழுதுவதில்லை. ஆலோசகர் அல்லது கவுன்சிலர் என்பவர் துக்கம், குடும்பச் சண்டை, வேலை நெருக்கடி, முடிவெடுக்கத் திணறல் போன்றவற்றில் உடன் நின்று பேசுபவர். தெரபிஸ்ட் என்பது மேற்சொன்ன யாராகவும் இருக்கலாம்.

இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது கடைசி இரண்டு பெயர்களிடம். மருத்துவர் என்று பொய்யாகப் பலகை மாட்டினால் கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் குற்றம். ஆனால் கவுன்சிலர் என்ற சொல்லுக்குப் பல நாடுகளில் சட்டக் காவல் கிடையாது. பிரிட்டனில்கூட கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பட்டம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. கவுன்சிலர், சைக்கோதெரபிஸ்ட் என்பவை அப்படி இல்லை. இரண்டு வருட முதுகலைப் படிப்பும் மேற்பார்வையில் நூற்றுக்கணக்கான மணி நேரப் பயிற்சியும் முடித்தவரும் கவுன்சிலர்தான், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் கவுன்சிலர்தான். அதனால் "என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், உங்கள் வேலையை யார் மேற்பார்வை செய்கிறார்கள்?" என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். ஒழுங்காகப் படித்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே உங்களுக்கு விடை.

இன்னொரு தொல்லை நம் மொழிப் பழக்கத்தில் இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய நாள் பதற்றம், மேலாளர் மேல் எரிச்சல், மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாத நோய், எல்லாவற்றுக்கும் 'மன அழுத்தம்' என்றே சொல்லிவிடுகிறோம். கடைசியாகச் சொன்னதற்கு மனச்சோர்வு என்ற சொல் இருந்தும் பேச்சில் அது வருவதில்லை. "எனக்கு மன அழுத்தமாக இருக்கிறது" என்று தொலைபேசியில் சொன்னால், கேட்பவர் உங்களை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் விழிப்பார். அந்தச் சொல்லை விட்டுவிட்டு நடப்பதைச் சொல்லுங்கள்: எத்தனை நாளாக, எத்தனை மணி நேரம் தூக்கம், சாப்பாடு இறங்குகிறதா, வேலைக்குப் போக முடிகிறதா, செத்துப் போகலாம் என்று தோன்றியதா.

அந்தப் பதில்களே யாரிடம் முதலில் போவது என்பதையும் சொல்லிவிடும். சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் போய்விட்டன, வேலை நின்றுவிட்டது, காரணமில்லாத சந்தேகம், காதில் குரல், கட்டுக்கடங்காத குடி என்றால் மனநல மருத்துவர்தான் முதல் கதவு. இருமுனைக் கோளாறு இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் அப்படியே. இரண்டு மணி நேரத் தூக்கத்தில் உற்சாகம் பொங்கி, பணத்தை வாரி இறைத்து, பத்துத் திட்டம் போட்டு, பிறகு மாதக்கணக்கில் முடங்கிப் போகிற நோய் அது. இவர்கள் பெரும்பாலும் முடங்கிய கட்டத்தில்தான் உதவி கேட்டு வருவார்கள்; பொங்கிய கட்டத்தை நோயாகவே நினைக்காததால் சொல்ல மாட்டார்கள். மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அது மறுபக்கம் தூக்கி எறிந்துவிடும். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்த நோய்க்கு லித்தியம் பயன்படுவதை எழுதினார். இன்றும் அது முக்கிய மருந்து, ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து. பேச்சு மட்டும் போதும் என்று சொல்லக்கூடிய இடம் இது இல்லை.

லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இரண்டு கதவும் திறந்தே இருக்கின்றன. பேச்சில் தொடங்குவதில் தவறில்லை. சோர்வு கடுமையாக ஆக, மருந்தும் பேச்சும் சேர்ந்து தனித்தனியே தருவதைவிட நன்றாக வேலை செய்கின்றன என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற முடிவு. மருந்தின் கால அளவைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. மனச்சோர்வு மருந்து வேலை காட்டவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பயன் உண்டா என்று முடிவு செய்ய ஆறு முதல் எட்டு வாரம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். பத்தாவது நாளில் "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்துபவர்களும், இரண்டாவது மாதம் "சரியாகிவிட்டது" என்று நிறுத்துபவர்களும்தான் மருந்தை அதிகம் திட்டுகிறார்கள்.

தூரம் என்கிற பகையாளி

1986-இல் அமெரிக்க உளவியலாளர் கென்னத் ஹோவர்டும் அவருடைய சகாக்களும் பழைய ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து, எத்தனை சந்திப்பில் எவ்வளவு பேர் தேறுகிறார்கள் என்று கணக்குப் போட்டார்கள். எட்டு சந்திப்புக்குள் ஏறத்தாழ பாதிப் பேரிடம் அளக்கக்கூடிய முன்னேற்றம். இருபத்தாறு சந்திப்புக்குள் முக்கால்வாசிப் பேரிடம். உங்களுக்கு எத்தனை என்று இதை வைத்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் இரண்டு, மூன்று முறை போய்விட்டு நிற்பதற்கான வேலை இது இல்லை என்பது தெளிவு.

இதைப் பயண நேரத்தோடு பெருக்கிப் பாருங்கள். போகவர நான்கு மணி நேரம் என்றால் எட்டு சந்திப்புக்கு 32 மணி நேரம், இருபத்தாறுக்கு 104 மணி நேரம் சாலையில். அதுவும் எப்போது? குளிக்கப் போவதே மலையேறுவது போல் இருக்கிற நாட்களில். உடம்பும் மனசும் நன்றாக இருக்கிற நாளில் போட்ட பயணத் திட்டம் மோசமான நாளில் நிற்காது. உதவி வேண்டியதோ அந்த மோசமான நாளில்தான். என் பட்டக் கணக்கு தவறியது இங்கேதான். யார் சிறந்தவர் என்று பார்த்தேனே தவிர, மூன்று மாதம் கழித்தும் இங்கே வந்துகொண்டிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

செலவையும் அதே மாதிரி பாருங்கள். ஒரு சந்திப்புக்கு எவ்வளவு என்பதைவிட, பன்னிரண்டு சந்திப்புக்குக் கையில் இருக்கிறதா என்பது முக்கியம். பெயர்பெற்றவரிடம் மாதம் ஒரு முறை போவதற்குப் பதில், அதே பணத்தில் சாதாரணமானவரிடம் வாரா வாரம் போகலாம் என்றால், ஆரம்ப மாதங்களில் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். மாதத்துக்கு ஒரு முறை போனால், போன மாதம் என்ன நடந்தது என்று சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது.

"ஆனால் அனுபவசாலி அனுபவசாலிதானே?" என்று கேட்கலாம். 2016-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 170 தெரபிஸ்டுகளையும் அவர்களிடம் வந்த 6500-க்கும் மேற்பட்டவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அனுபவம் ஏற ஏற, சராசரியாகப் பலன் கூடவில்லை. மிகச் சிறிதளவு குறையக்கூடச் செய்தது. நடுவில் விட்டு ஓடுபவர்கள் மட்டும் கொஞ்சம் குறைந்தார்கள். தலை நரைத்திருப்பதை மட்டும் வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதே சமயம் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. சிலர் தொடர்ந்து நல்ல பலன் காட்டுகிறார்கள், சிலர் காட்டுவதில்லை; அது வயதை வைத்துப் பிரிவதில்லை, அவ்வளவுதான்.

திரையில் பேசுவது இந்தத் தூரத்தை ஒரேயடியாகத் துடைத்துவிடுகிறது. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு, பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்தும் இணையவழிச் சிகிச்சை நேரில் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட இணையான பலன் தருகிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. கைக்குழந்தை வைத்திருப்பவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், தன் மொழி பேசாத ஊரில் குடியேறியவர், இவர்களுக்கு வேறு வழியே இருக்காது. குறைகளும் உண்டு. முதலாவது, கதவை மூடிக்கொள்ள ஓர் அறை வேண்டும். மாமியாரைப் பற்றிப் பேச வேண்டியவர், மாமியார் அடுத்த அறையில் இருக்கும்போது என்ன பேசுவார்? நிறுத்திய காருக்குள்ளிருந்து தெரபிக்குப் பேசுகிற பலரை எனக்குத் தெரியும். வீட்டில் அடி உதை இருந்தால் திரை பாதுகாப்பானதே இல்லை. எடையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கடுமையான உணவுக் கோளாறுகள், நிஜம் எது என்ற பிடி நழுவும் நோய்கள், சின்னக் குழந்தைகள், இவர்களுக்கும் நேரில்தான். நெருக்கடி வந்தால் என்ன செய்வார்கள் என்பதை முதல் நாளே கேட்க வேண்டும். ஆயிரம் மைல் தள்ளி இருப்பவருக்கு உங்கள் வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனை எது என்று தெரியாது. உங்கள் நாட்டில் தொழில் செய்ய அவருக்கு அனுமதி உண்டா, ஒவ்வொரு முறையும் அதே ஆள் வருவாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குறுஞ்செய்தியில் மட்டும் பேசும் திட்டங்களுக்கு என் ஓட்டு இல்லை. குரலில் வருகிற தயக்கம் எழுத்தில் வராது.

முறையா, ஆளா

சிகிச்சை முறை என்று சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), உளப்பகுப்பாய்வு, மனநிறைகவனம், இன்னும் என்னென்னவோ எழுதியிருப்பார்கள். இதில் எது சிறந்தது என்ற சண்டை பழையது. 1936-லேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒன்றுக்கொன்று ஆகாத சிகிச்சை முறைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தருகின்றனவே, அப்படியானால் அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டார். 1979-இல் எட்வர்ட் போர்டின் என்ற இன்னோர் உளவியலாளர் அதற்கு ஒரு நல்ல விடை தந்தார். சிகிச்சை தருபவரும் பெறுபவரும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் ஒத்துப்போகிறார்களா, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் ஒத்துப்போகிறார்களா, இருவருக்கும் நடுவில் நம்பிக்கை இருக்கிறதா, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சிகிச்சை உறவு என்றார். பிறகு வந்த ஆய்வுகளில் இந்த உறவு பலனோடு தொடர்ந்து கைகோத்தே வருகிறது.

நாம் "ஆள் நல்லவரா?" என்று மூன்றாவதை மட்டும் பார்க்கிறோம். முதல் இரண்டும் அதே அளவு முக்கியம். அன்பாகப் பேசுகிறார், ஆனால் நீங்கள் தூக்கத்துக்கு வந்திருக்க அவர் பத்து வாரமாகச் சிறுவயதுக் கதையையே கிளறுகிறார் என்றால் உறவு சரியில்லை என்றுதான் அர்த்தம். ஏன் அங்கே போகிறோம் என்று அவர் உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்க வேண்டும், நீங்களும் சரி என்றிருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 440 பேரை வைத்து நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த ஒப்பீட்டுக்கு நேரடியாக உதவும். மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பாதிக்கு, நன்கு பயிற்சி பெற்ற நிபுணர்கள் சிபிடி கொடுத்தார்கள். மறுபாதிக்கு, அந்த அளவு பட்டம் இல்லாத இளநிலைப் பணியாளர்கள் எளிமையான ஒன்றைச் செய்தார்கள்: எதைச் செய்வதை விட்டுவிட்டீர்களோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் செய்ய வைப்பது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டாவது கூட்டம் முதலாவதற்குச் சளைக்கவில்லை. செலவும் குறைவு.

ஆனால் முறை முக்கியமே இல்லை என்று கிளம்பிவிடாதீர்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன 'தேடிப்போய்ப் பார்க்க வேண்டிய' சிக்கல்கள் இங்கேதான் வருகின்றன. கை கழுவிக் கழுவித் தோல் உரிகிற, பூட்டை இருபது முறை இழுத்துப் பார்க்கிற ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், பயப்படும் பொருளை நோயாளியைத் தொடச் சொல்லி, கழுவவிடாமல் கூட இருந்து பார்த்தார். அந்த வழியில் வளர்ந்த பயிற்சிதான் இன்று ஓசிடிக்கு முதல் வரிசைப் பேச்சுவழிச் சிகிச்சை. இது தெரியாத ஓர் அன்பான ஆலோசகர் என்ன செய்வார்? "கவலைப்படாதீர்கள், கை சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதலே நோய்க்குத் தீனி. அடுத்த வாரம் அந்த ஆறுதலைத் திரும்பக் கேட்க வருவீர்கள். அதே போல விபத்து, வன்முறை இவற்றின் நினைவு பகலிலும் இரவிலும் துரத்துவது, உணவுக் கோளாறுகள், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, போதைப் பழக்கம், இவற்றுக்கு அந்தக் குறிப்பிட்ட சிகிச்சையில் பயிற்சி பெற்றவர் தேவை. பக்கத்தில் இல்லையென்றால் தூரம் போகலாம், திரையில் பார்க்கலாம். இங்கே தூரம் நியாயமான விலை.

நம்மைத் தெரிந்தவரா, தெரியாதவரா

மொழி விஷயத்தில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: முடிந்தால் தாய்மொழியில். "நெஞ்சு அடைக்கிறது", "மனசு பாரமாக இருக்கிறது", "அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை" என்பதை இன்னொரு மொழியில் சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிக்கும்போது வேறு ஏதோ ஒன்று அங்கே கிடக்கும். முகம் கொடுத்துப் பேசாதது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று விளக்கவே கால் மணி நேரம் போகும். இதற்கும் மறுபக்கம் உண்டு. வெட்கமான விஷயங்களைப் பலர் இரண்டாம் மொழியில்தான் சொல்ல முடிகிறது என்கிறார்கள். அந்த மொழியில் அம்மா திட்டியதில்லை, அதனால் அது சுடுவதில்லை. எந்த மொழியில் தொடங்கினாலும், நடுவில் மாறிக்கொள்ள விடுகிறவராக இருந்தால் நல்லது.

அதே சமூகத்தவராக இருந்தால் நல்லதா? விளக்கம் சொல்லும் வேலை மிச்சம். ஆனால் அவருக்கும் உங்கள் சித்தப்பாவுக்கும் பொதுவான நண்பர்கள் இருந்தால் வாய் பாதிதான் திறக்கும். தவிர, "நம்ம வீடுகளில் இப்படித்தானே, அனுசரித்துப் போங்கள்" என்று அவரும் சொல்லிவிடக்கூடும். சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு, அந்த அறை வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் சாதாரணமானதில்லை. 'பக்கத்தில்' என்று நான் சொல்வதை அடுத்த தெரு என்றே எடுக்க வேண்டாம். இரண்டு ஊர் தள்ளி, அரை மணி நேரத்தில் போய்வரக்கூடிய இடம் சிலருக்கு அடுத்த தெருவைவிடப் பொருந்தும். உறவினரிடமோ குடும்ப நண்பரிடமோ சிகிச்சை எடுப்பதை மட்டும் எந்தச் சூழலிலும் வேண்டாம் என்பேன். ஒழுங்கானவர் அவராகவே மறுத்துவிடுவார்.

பெயர் தேடும் வழிகளில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. மருத்துவர் சொன்ன பெயர், பதிவுக் கழகங்களின் பட்டியல், வேலை செய்யும் இடத்தின் உதவித் திட்டம், இந்த வரிசை போதும். இணைய நட்சத்திர மதிப்பெண்களை நான் பார்ப்பதில்லை. இங்கே போய்க் குணமானேன் என்று சொந்தப் பெயரில் எழுதுகிறவர்கள் குறைவு, கோபத்தில் எழுதுகிறவர்கள் அதிகம். நண்பர் சிபாரிசு நல்ல தொடக்கம், ஆனால் நண்பருக்குப் பொருந்திய செருப்பு உங்களுக்குக் கடிக்கலாம்.

கைக்காசு குறைவாக, வரிசை நீளமாக இருந்தால்

பல இடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் மூன்று வழிகள் பலரும் கண்டுகொள்ளாமல் விடுபவை. பல்கலைக்கழகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் நடத்தும் பயிற்சி மையங்கள் முதலாவது. மாணவர்தான் பேசுவார், ஆனால் அவர் செய்யும் ஒவ்வொன்றையும் மூத்தவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். தனியே தொழில் செய்யும் பலருக்கு அந்தக் கண்காணிப்பே கிடையாது. குறை, படிப்பு முடிந்ததும் மாணவர் போய்விடுவார். இரண்டாவது, குழுச் சிகிச்சை. பத்துப் பேர் முன்னால் பேசுவதா என்று எல்லாரும் முதலில் பின்வாங்குவார்கள். கூச்சம், துக்கம், குடி போன்றவற்றில், தன்னைப் போல இன்னொருவர் இருக்கிறார் என்று கண்ணால் பார்ப்பது தனி அறையில் கிடைக்காத மருந்து. மூன்றாவது, பயிற்சி பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர்கள். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி தந்து சுகாதார நிலைய வாசல் பெஞ்சுகளில் உட்கார வைத்தார். 573 பேரைக் கொண்ட ஆய்வு 2016-இல் வந்தது. பெஞ்சில் பேசியவர்களின் மனச்சோர்வும் பதற்றமும், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட ஆறு மாதத்தில் தெளிவாகக் குறைந்திருந்தன. பிரச்சினையை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்க்கும் ஒரு முறையைப் பாட்டிகள் கற்றிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. வெறும் அரட்டையில் வந்ததில்லை அந்தப் பலன்.

அரட்டை இயந்திரங்களைப் பற்றியும் கேட்பீர்கள். இது நேற்று வந்த ஆசை இல்லை. 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் 'எலைசா' என்று ஒரு கணினி நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த அவருடைய செயலாளரே, அதனோடு பேச ஆரம்பித்ததும் அவரை அறையை விட்டுப் போகச் சொன்னாராம். மனசைக் கொட்ட ஓர் இடம் கிடைத்தால் மனிதர்கள் அப்படித்தான். இன்றைய இயந்திரங்கள் எவ்வளவோ கெட்டிக்காரத்தனமாகப் பேசுகின்றன. இரவு இரண்டு மணிக்கு எண்ணங்களை எழுதிப் பார்க்கவும், மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்று குறிப்பெடுக்கவும் உதவும். உங்களைத் தெரிந்து, நீங்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யோசிக்கும் ஒருவருக்கு அது மாற்று இல்லை.

மூன்று சந்திப்பு தருவது

முதல் சந்திப்பில் பிடித்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் தகவல் எடுப்பதிலேயே போய்விடும். மூன்று, நான்கு தாருங்கள். அதற்குள் அவர் உங்கள் சிக்கலைத் தன் வார்த்தையில் சொல்லிக்காட்டியிருக்க வேண்டும், என்ன திட்டம், ஏறத்தாழ எத்தனை வாரம் என்று சொல்லியிருக்க வேண்டும். ரகசியம் எதுவரை என்பதையும் முதல் நாளே தெளிவாக்குவது வழக்கம். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்ற சில இடங்களில் அவர்கள் வாய் திறக்க வேண்டியிருக்கும். மற்றபடி உங்கள் கணவருக்கோ அப்பாவுக்கோ, பணம் கட்டுபவர் அவரே என்றாலும், நீங்கள் வயது வந்தவரானால் உங்கள் அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது.

தேறுகிறோமா என்பதை ஞாபகத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். சோர்ந்த மனசு நல்ல நாளை மறந்துவிடும். மனச்சோர்வை அளக்க 2001-இல் வெளியான பிஎச்கியூ-9 என்ற படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. மொத்தம் 0 முதல் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் நடுத்தர அளவு அல்லது அதற்கும் கூடிய மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்வார்கள். அது நோயை முடிவு செய்யாது, ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நிரப்பி எண்ணைக் குறித்து வைத்தால் கோடு இறங்குகிறதா என்று தெரியும். ஒன்பதாவது கேள்வி உயிரைப் பற்றியது. அதில் பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும், மொத்த எண் சின்னதாக இருந்தாலும், அன்றே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். உளச்சிகிச்சைக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் முன்பைவிட மோசமாகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் வருகிற எண். எட்டு வாரத்தில் கோடு அசையவில்லை என்றால் எண்களைக் காட்டிப் பேசுங்கள். நல்லவர் திட்டத்தை மாற்றுவார், அல்லது வேறொருவரிடம் அனுப்புவார். "உங்களுக்கு ஒத்துழைக்க மனமில்லை" என்று உங்கள் தலையில் கட்டுபவரிடம் இருக்க வேண்டாம்.

எட்டு வாரம் பொறுக்கவே கூடாதவை சில உண்டு. தன் சொந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பவர். வெளியே சந்திக்கலாம் என்பவர், தொடுபவர். நூறு சதவீதம் குணப்படுத்துகிறேன் என்று வாக்குக் கொடுப்பவர். மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லும், தான் மருத்துவரல்லாத ஆள். அடி வாங்குகிறவரையும் அடிக்கிறவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சமரசம் பேசுபவர். இதில் ஏதாவது ஒன்று நடந்தால் அடுத்த முறை போகாதீர்கள், விளக்கமும் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற காரணங்களுக்காக மாறுவதென்றால், நான் செய்தது போல போனை எடுக்காமல் மறையாதீர்கள். "எனக்கு இது பொருந்தவில்லை, வேறு யாரைப் பார்க்கலாம்?" என்று ஒரு வரி எழுதினால் போதும், அவர்கள் தினமும் கேட்கிற வரி அது. இதுவரை செய்தவற்றின் சுருக்கக் குறிப்பு ஒன்று கேட்டு வாங்குங்கள், அடுத்தவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்காது. மருந்து எடுப்பவரானால், புதியவரைப் பார்க்கும் நாள்வரை தீராத அளவுக்கு மருந்துச் சீட்டையும் அன்றே கையோடு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.